உடை வரலாறு, துணி வரலாறு முதுகலையில் படிக்கலாமா? குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலில் வரலாறு எம்.ஏ. முடித்துவிட்டு, துணியையும் உடையையுமே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவள் நான். கல்லூரிப் பிள்ளைகள், அவர்களுடைய அம்மா அப்பா, நெசவுக் குடும்பத்துத் தம்பிமார் என்று பலர் பேசுகிறார்கள். சந்தேகங்கள் மட்டும் அநேகமாக அவையேதான். அவற்றைக் கேட்டவர்களின் சொல்லிலேயே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, இது ஃபேஷன் டிசைனிங் தானே?

இல்லை. ஃபேஷன் டிசைனிங் படிப்பவர் நாளைக்கு உடுத்தப்போகும் துணியை வடிவமைக்கிறார். நாம் நேற்று உடுத்திக் களைந்த துணியிடம் கேள்வி கேட்கிறோம். யார் நெய்தது, நூல் எங்கிருந்து வந்தது, யார் உடுத்தினார்கள், யாரை உடுத்த விடவில்லை, கிழிந்தபோது யார் தைத்தார்கள்? வரலாறு, மானுடவியல், கலை வரலாறு, கொஞ்சம் வேதியியல் எல்லாம் இதில் கலந்து வரும்.

இதைப் படிச்சா என்ன வேலை கெடைக்கும்? அப்பா அதைத்தான் கேக்காங்க.

அப்பா கேட்பதில் தப்பில்லை. "உடை வரலாற்றாளர் தேவை" என்று விளம்பரம் வரும் என்று நம்பி யாரும் இதில் இறங்க வேண்டாம். அருங்காட்சியகங்கள், கல்லூரி ஆசிரியப் பணி, வடிவமைப்புப் பள்ளிகளில் ஆய்வும் பாடமும், கைத்தறி சார்ந்த நிறுவனங்கள், சரித்திரப் படங்களுக்கு உடை ஆய்வு என்று பல வாசல்கள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் குறுகலான வாசல்.

அதனால் நான் எல்லாரிடமும் சொல்வது இதுதான்: கையில் ஒரு நெட் தேர்வுப் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) பாடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நெட் தேர்வில் உடை வரலாறு என்று தனிப் பாடம் கிடையாது. வரலாறு, மனையியல், அருங்காட்சியகவியல் மூன்றும் இருக்கின்றன. உங்கள் முதுகலை இவற்றில் ஒன்றோடு பொருந்தினால் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகையும், கல்லூரி வேலைக்குத் தகுதியும் கிடைக்க வழி இருக்கிறது. பொருந்தாத பெயரில் பட்டம் வாங்கிவிட்டு, பிறகு இரண்டு பட்டமும் சமம் என்று காட்டும் இணைத்தன்மைச் சான்றுக்கு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தையல் தெரியணுமா? தறியில உக்காரத் தெரியணுமா?

சேருவதற்குத் தெரிந்திருக்க வேண்டாம். சேர்ந்த பிறகு தெரியாமல் முடியாது. கைத்தையலுக்கும் மெஷின் தையலுக்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பட வேண்டும். வீட்டுத் தையல் மெஷின் 1850-களில்தான் உலகச் சந்தைக்கு வரத் தொடங்கியது. ஆகவே ஒரு குப்பாயத்தின் (தைத்த மேல்சட்டை) மூலத் தையல் மெஷினில் போட்டதாக இருந்தால் அது அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. சட்டையைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்தால் இந்த ஒரு செய்தி இலவசமாகக் கிடைக்கிறது.

தறியைப் பொறுத்தவரை, குழித்தறியில் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். பாவு (நீள இழை) எது, ஊடை (குறுக்கு இழை) எது, பாவு இழையைத் தூக்கும் விழுது அறுந்தால் துணியில் என்ன தடம் விழும் என்பது அங்கேதான் புரியும்.

நான் பி.காம். எனக்குக் கெடைக்குமா? பையன்கள் படிக்கலாமா?

பி.காம். முடித்தவர்களை வரலாறு எம்.ஏ.வில் பெரும்பாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஜவுளி எம்.எஸ்சி.க்கு அதற்கேற்ற இளங்கலை கேட்பார்கள். கணக்குப் பதிவேடு படிக்கத் தெரிந்த பி.காம். பிள்ளைக்கு ஜவுளி வியாபார வரலாறு நன்றாகவே வசப்படும். பையன்கள் தாராளமாகப் படிக்கலாம். நம் நெசவுத் தெருக்களில் தறியில் இருந்தவர்களில் ஆண்கள் எத்தனையோ பேர்.

இந்தப் பேர்லயே எம்.ஏ. எங்க இருக்கு?

இதே பெயரில் படிக்க வேண்டும் என்றால் பார்வை வெளிநாட்டுக்குத்தான் போகும். லண்டன் கோர்ட்டால்ட் நிறுவனத்தில் 1965-இல் ஸ்டெல்லா மேரி நியூட்டன் உடை வரலாற்றுக்கென்று முதுகலைப் படிப்பைத் தொடங்கினார். அதிலிருந்துதான் இங்கிலாந்தில் இது தனித் துறையாக வளர்ந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உடை, ஜவுளி வரலாறு என்ற பெயரிலேயே ஓராண்டு முதுகலை உண்டு. பழந்துணிப் பாதுகாப்பு மையமும் அதே பல்கலைக்கழகத்தில் இருப்பதால், வரலாறு படிப்பவரும் துணியைப் பழுதுபார்ப்பவரும் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்வார்கள். விண்ணப்பிக்கும் வருடத்தில் படிப்பு நடக்கிறதா என்று அவர்களுடைய தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் சுற்று வழிதான். பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் அருங்காட்சியகவியலும் இருக்கிறது, ஆடை–ஜவுளித் துறையும் இருக்கிறது. கோயம்புத்தூர் அவினாசிலிங்கத்தில் ஜவுளி முதுகலை படிக்கலாம். நிஃப்ட் என்ற தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனத்தின் எம்.டெஸ். (வடிவமைப்பு முதுகலை) படிப்பில் ஆய்வுத் தலைப்பாகத் துணி வரலாற்றை எடுக்க இடம் உண்டு. எங்கே சேர்ந்தாலும் ஆய்வேட்டுத் தலைப்பு உங்கள் கையில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பட்டத்தின் பெயரைவிட அந்த ஆய்வேடுதான் உங்களை உடை வரலாற்றாளர் ஆக்கும்.

லண்டன், கிளாஸ்கோனா காசு? ஸ்காலர்ஷிப் இல்லையா?

பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்தால் திரும்பி வந்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். காமன்வெல்த் உதவித்தொகைகளையும் பாருங்கள். ஓராண்டு பிரிட்டிஷ் முதுகலை இங்கே செல்லுமா என்ற பழைய பயத்துக்கு, 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் செய்த ஒப்பந்தம் பெரும்பாலும் பதில் சொல்லிவிட்டது.

இன்னொன்று, வயிறெரிந்து சொல்கிறேன். மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை பட்டியல் சாதி மாணவர்களுக்கும், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பப் பிள்ளைகளுக்கும் உரியது. நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான உதவி எது? ஆனால் 2022-இல் வந்த விதிகள் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, சமூகவியல் சார்ந்த தலைப்புகளை விலக்கிவிட்டன. விண்ணப்பிக்கும் முன் அந்த வருட விதிகளைக் கடைசி வரி வரை படியுங்கள்.

நாகர்கோவில்லயே இருந்து படிக்க முடியாதா?

முடியும், நன்றாகவே முடியும். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கக் கல்லூரிகளில் எம்.ஏ. வரலாறு படித்து, புராஜெக்ட்டுக்கு உடையை எடுத்துக்கொள்ளுங்கள். உடை வரலாற்றுக்கு இந்த மாவட்டத்தைப் போல வாய்த்த இடங்கள் குறைவு. பழைய திருவிதாங்கூரின் பகுதியாக இருந்து, 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேர்ந்த மண் இது. முண்டும் நேரியலும் (இடுப்பில் ஒன்று, மேலே போட ஒன்று) ஒரு பக்கம், கண்டாங்கியும் தாவணியும் மறுபக்கம். வடசேரியிலும் இரணியலிலும் தறி. நாகர்கோவிலில் 1820-களின் தொடக்கத்தில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னல். சாமிதோப்பில், 19-ஆம் நூற்றாண்டில் சாதிக் கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டர் வழிவந்தவர்கள் இன்றும் தலைப்பாகை கட்டி வணங்குகிறார்கள். தோள்சீலைப் போராட்டத்தில், மேலாடைக்காகத் தெருவில் அடிபட்ட நாடார் பெண்களின் ஊரும் இதுதான். பஸ் ஏறும் தூரத்தில் இவ்வளவும் இருக்கிறது.

ஒரு துணியைப் பார்த்து அப்படி என்ன தெரிஞ்சிரும்?

என் ஆச்சியின் நேரியல் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு விரல் அகலக் கசவுக்கரை, அதாவது சரிகைக் கரை. கசவு கறுத்திருக்கிறது, பச்சை படியவில்லை. ஆகவே வெள்ளிச் சரிகை என்று நினைக்க இடமுண்டு, செம்பாக இருந்தால் பச்சை படிந்திருக்கும். இழை எண்ணும் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் நடுவில் நாலு விரல் அகலத்துக்கு ஊடை இளகலாக விழுந்திருக்கிறது, அதற்குப் பிறகு பழையபடி நெருக்கம். அந்த நாலு விரலை வேறொரு கை நெய்திருக்கலாம், வீட்டுச் சிறுவனாகக்கூட இருக்கலாம். ஒரு மூலையில் தடித்த நூலால் தைத்த தையல் இருக்கிறது, அது ஆச்சியின் கை. இவ்வளவும் பார்த்த பிறகுதான் நான் ஆவணம் தேடப் போனேன்.

நூல் நம்பர் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 840 கெஜம் கொண்ட கழிகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அதுதான் நம்பர். 100-ஆம் நம்பர் நூல் 40-ஐ விட மெல்லியது. சாயமும் காலம் சொல்லும். ரசாயனச் சாயம் 1856-க்குப் பிறகுதான் வந்தது, ரசாயன நீலம் 1897-இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் நீலத்துக்கு அவுரியும் சிவப்புக்குச் சாயவேரும். ஆனால் கண்ணால் பார்த்தே சாயத்தைத் தீர்ப்பு சொல்லாதீர்கள், அதற்கு ஆய்வகம் வேண்டும்.

பாட்டி பெட்டியில பழைய துணி இருக்கு. துவைச்சு இஸ்திரி போட்டுக் கொண்டு வரட்டா?

தயவுசெய்து துவைக்காதீர்கள். மேலே சொன்ன நேரியலை நான் விவரம் தெரியாத வயதில் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். கஞ்சியும் போயிற்று, மஞ்சள் கறையும் போயிற்று. எந்தக் கஞ்சி போட்டார்கள், அந்தக் கறை பிள்ளை பெற்ற வீட்டில் பட்டதா, கல்யாணத்தில் பட்டதா? இனி யாரிடமும் கேட்க முடியாது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

முதலில் இருக்கிற நிலையிலேயே போட்டோ எடுங்கள். யாருடையது, எப்போது உடுத்தினது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா பக்கத்திலேயே வரக்கூடாது, மை சிந்தினால் போகாது. மடிப்பில்தான் துணி முதலில் இறும். அதனால் மடிக்காமல், வெளுத்த மல்துணி சுற்றிய குழாயில் உருட்டி வைப்பது நல்லது. இரும்புப் பெட்டி என்றால் துருப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சமும் கெடுதிதான். அருங்காட்சியகங்கள் துணிக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் விடாது. ஜன்னலோரம் மாட்டி வைத்தால் சில வருடத்தில் நிறம் போய்விடும்.

மலையாளம் கட்டாயம் படிக்கணுமா?

குமரி மாவட்ட உடை வரலாறு என்றால், ஆமாம். 1956-க்கு முந்திய அரசு ஆவணங்களில் பெரும்பகுதி திருவனந்தபுரத்தில் கேரள ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனைகூட நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரள அரசின் பொறுப்பில்தான் உள்ளது. நம் ஊர் ஆட்களுக்குப் பேச்சு மலையாளம் பாதி வந்துவிடும். எழுத்தைப் படிக்க ஆறு மாதம் உட்கார்ந்தால் போதும்.

தேதியில் ஏமாறாதீர்கள். அங்கே கொல்லம் ஆண்டுதான் இருக்கும். ஆங்கில ஆண்டு வேண்டுமானால் 825-ஐக் கூட்டுங்கள். ஆவணி தொடங்கி டிசம்பர் வரைக்கும் உள்ள மாதம் என்றால் 824. கொல்லம் 1034 ஆடி மாதம் 1859 ஜூலையில் வரும். இந்த 1859 அடுத்த பதிலிலும் வரும்.

தோள்சீலைப் போராட்டம் பத்தி எல்லாரும் எழுதியாச்சே. புதுசா என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. "மாரை மறைக்க விடவில்லை, போராடினார்கள், அனுமதி கிடைத்தது" என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறோம். அரசாணைகளைத் துணி தெரிந்த கண்ணோடு படித்துப் பாருங்கள். 1829-இல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் காலத்து அறிவிப்பு நாடார் பெண்கள் நாயர் பெண்களைப் போல மேல்சீலை போடுவதைத் தடுத்தது. கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் சிரியன் கிறிஸ்தவ, மாப்பிள்ளை முஸ்லிம் பெண்களைப் போலக் குப்பாயம் போடுவதை அனுமதித்தது. தைத்த சட்டைக்குச் சரி, தைக்காமல் தோளில் போடும் சீலைக்கு இல்லை. ஆகவே அன்றைய சண்டையில் உடம்பை மறைப்பது பாதி, எப்படி மறைப்பது என்பது மீதி.

பிறகு 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜாவின் அறிவிப்பு வருகிறது. நாடார் பெண்கள் எல்லாரும் சட்டை போடலாம், அல்லது மீன்பிடிக்கும் முக்குவச் சமுதாயப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எப்படியும் மறைக்கலாம், உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. அந்த "முரட்டுத் துணி" என்ற சொல்லில் நான் பல நாள் நின்றிருக்கிறேன். எந்த நம்பர் நூல் முரடு, எது நைசு, யார் அளந்தார்கள்? சந்தையில் நின்ற சேவகனின் கண்தானே அளவு? மேலே ஆச்சியின் நேரியலில் இழை எண்ணும் கண்ணாடியை வைத்தேனே, அது இந்தக் கேள்விக்காகத்தான். துணியின் மென்மையைச் சட்டம் சாதியோடு கட்டிப்போட்டிருந்த ஊரில், இழையை எண்ணுவது அரசியல் வரலாறு.

நங்கேலி கதை உண்மையா, பொய்யா?

முலைவரி கேட்டு வந்தவர்கள் முன் நங்கேலி தன் மார்பையே அறுத்துக் கொடுத்தாள் என்பது கதை. கேரளத்துச் சேர்த்தலைப் பகுதி வாய்மொழி மரபு என்றே அதை எழுதுங்கள். அரசு ஆவணத்தைப் போல மேற்கோள் காட்டாதீர்கள், கட்டுக்கதை என்று ஒதுக்கவும் செய்யாதீர்கள். ஒரு சமுதாயம் தன் அவமானத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு அது சான்று. அந்த அளவில் அதன் மதிப்பு பெரியது.

சுசீந்திரம் சிலைகள்ல பெண்களுக்கு மேலாடையே இல்லையே. அப்போ அந்தக் காலத்துல யாரும் போடலைன்னுதானே அர்த்தம்?

சிலை போட்டோ இல்லை. சிற்பிக்கு இலக்கண மரபு உண்டு. தெய்வமும் அணங்கும் எப்படி இருக்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானித்தது. கச்சின் விளிம்பு மட்டும் மெல்லிய கோடாகச் செதுக்கியிருக்கும், சுண்ணாம்பு படிந்து அது மறைந்தும் போயிருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில், காலையிலோ மாலையிலோ பாருங்கள். இடுப்புக்குக் கீழே உள்ள கொசுவமும் முடிச்சும் அதிகம் பேசும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பழைய திருவிதாங்கூரில் மேலாடை இல்லாமை எல்லாச் சாதியிலும் இருந்தது. தனக்கு மேலானவர் முன்பும் தெய்வத்தின் முன்பும் மேல்துணியை விலக்குவது மரியாதை என்று வைத்திருந்தார்கள். யார் யார் முன்னால் விலக்க வேண்டும் என்பதில்தான் சாதியின் கொடுமை இருந்தது. இன்றும் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றும்போது அந்தப் பழைய வழக்கத்தின் ஒரு துண்டைப் பார்க்கிறோம்.

பழைய குடும்ப போட்டோவை ஆதாரமா எடுக்கலாமா?

எடுக்கலாம். ஸ்டுடியோவுக்குப் போகும்போது இருப்பதில் நல்லதைத்தான் உடுத்துவார்கள், சில சமயம் கடன் வாங்கியும் உடுத்துவார்கள் என்பது நினைவில் இருக்கட்டும். போட்டோவில் நிற்கிற சாயலைவிடச் சுருக்கம் விழுந்த இடத்தைப் பாருங்கள். ஜம்பர் (பழைய காலத்து ரவிக்கை) அக்குளில் இறுக்கமாக இருந்தால் அது வேறொருவருக்குத் தைத்ததாக இருக்கலாம்.

வடசேரி, இரணியல் நெசவுத் தெருவுக்குப் போய் என்ன கேக்கணும்?

முதல் நாள் ஒன்றும் கேட்க வேண்டாம். போய் உட்காருங்கள், பாவு ஓடுவதைப் பாருங்கள். நோட்டை நீட்டி "உங்கள் வரலாறு சொல்லுங்கள்" என்றால் யாருக்கும் வார்த்தை வராது. "இந்தக் கரைக்குப் பேர் என்ன அண்ணாச்சி?" என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள். புளியிலைக்கரை, கசவு, துவர்த்து, கவணி என்று அவர்கள் சொல்லுகிற பெயரை அப்படியே எழுதுங்கள், புத்தகத் தமிழுக்கு மாற்றாதீர்கள். திருவனந்தபுரம் பக்கத்துப் பாலராமபுரத்து நெசவுக்குப் பெயர் கொடுத்தவர் பாலராம வர்மா மகாராஜா. அந்த நெசவுக்காரர்களின் முன்னோர் நம் பக்கத்திலிருந்து போன சாலியர் என்ற நெசவுச் சமுதாயத்தார். இது தெரிந்து போனால் பேச்சு இன்னும் தூரம் போகும்.

அவர்களுடைய நேரம் கூலி நேரம். இரண்டு மணி நேரம் பேசினால் அன்றைக்கு அத்தனை முழம் குறையும். அதற்கு ஈடு கொடுங்கள், அல்லது வேலை இல்லாத நேரத்தில் போங்கள்.

எங்க சொந்த சமுதாயத்தைப் பத்தி எழுதினா சண்டை வராதா?

வரலாம். பெரியம்மா மாமா பேரெல்லாம் எழுதும் முன் அவர்கள் சம்மதம் வாங்குங்கள். சம்மதித்தாலும் பெயரை மாற்றுவது நல்லது. பழைய ஆவணங்களில் சாதிப் பெயர்கள் இன்று புண்படுத்தும் வடிவத்தில் இருக்கும். நாடார் என்ற பெயரையே சென்னை மாகாண அரசு 1921-இல்தான் ஏற்றுக்கொண்டது. ஆவணத்தை நேராக மேற்கோள் காட்டும் இடத்தில் மட்டும் பழைய சொல்லை வைத்துவிட்டு, உங்கள் நடையில் இன்றைய பெயரை எழுதுங்கள். மற்றவர்கள் செய்த கொடுமையை எழுதுகிற அதே பேனா, நம் வீட்டார் யாரை உடுத்த விடவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

தமிழ்ல ஆய்வேடு எழுதினா மதிப்பு இருக்குமா?

இருக்கும். துணிக்கு நம்மிடம் இருக்கிற சொல்வளத்தைப் பாருங்கள்: அறுவை, கலிங்கம், துகில், கச்சு. சங்கப் புலவர் ஒருவருடைய பெயரே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், அதாவது துணி வியாபாரி. பொருநராற்றுப்படை ஒரு துணியைப் பாம்பின் தோலுக்கு ஒப்பிடுகிறது. ஆனால் அது அரசன் கொடுத்த பரிசைப் புகழும் பாட்டு. அதை வைத்து அன்று எல்லாரும் அப்படி உடுத்தினார்கள் என்று எழுதக்கூடாது. சிலைக்குச் சொன்னதுதான் பாட்டுக்கும்.

ஏழைகளோட துணி ஒண்ணுமே மிஞ்சலையே அக்கா. இல்லாத துணிக்கு எப்படி வரலாறு எழுதுறது?

இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கேள்வி. மிஞ்சியதெல்லாம் கல்யாணப் புடவையும் கசவு நேரியலும்தான். 1859 அறிவிப்பு சொன்ன அந்த முரட்டுத் துணியில் ஒரு முழம்கூட நான் இதுவரை கையில் தொட்டதில்லை. உடுத்தின துணி கிழிந்தால் பிள்ளைக்குத் தொட்டில், தொட்டில் கிழிந்தால் தலைச்சுமைக்குச் சும்மாடு, அதுவும் போனால் அடுப்படித் துணி, கடைசியில் விளக்குத் திரி.

அதனால் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். இங்கே வேலை செய்த லண்டன் மிஷன் சங்கத்து மிஷனரிகளின் கடிதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்துச் சோயாஸ் நூலகத்தில் இருக்கின்றன. அடிபட்ட பெண்களின் உடை பற்றிய குறிப்புகள் அவற்றில் வரும், ஆனால் எழுதியவர் வெள்ளைக்காரர் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். வழக்குப் பதிவுகளில் கிழிக்கப்பட்ட துணி சில சமயம் ஒரு வரியில் வரும். அப்புறம் ஆட்கள். எண்பது வயதைத் தாண்டிய ஒரு ஆச்சியிடம், அவர் அம்மாவின் சீலை தொட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் எழுந்துபோய்ச் சமையல்கட்டில் கிடந்த சாக்கை எடுத்து வந்தார். அதன் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துக் காட்டி, "இதைவிடக் கொஞ்சம் பொடி" என்றார். என் குறிப்பேட்டில் அந்தச் சாக்கின் இழை எண்ணிக்கையும் இருக்கிறது, அவர் சொன்ன சொல்லும் இருக்கிறது.